விற்கப் போனால் என்ன தேறும்? – வண்டி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: வண்டியை விற்றால் என்ன கிடைக்கும்? அதனால் டயர், ஏ.சி. கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் தம்பி அமெரிக்காவில் டாலஸில் இருக்கிறான். "ஹைபிரிட் காரும் பிக்கப்பும்தான் விலை இறங்காது, இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறான். வேலூருக்கு இது பொருந்துமா?
– ஆசிரியை, காட்பாடி

தம்பி பொய் சொல்லவில்லை டீச்சர். ஐசீகார்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2025இல் வெளியிட்ட கணக்குப்படி அங்கே ஐந்து வருடத்தில் சராசரி வண்டி 45.6 விழுக்காடு விலை இழக்கிறது. பிக்கப் 40.4, ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி) 40.7, முழு மின்சாரக் கார் 58.8. ஆனால் அவன் ஊர் பிக்கப் வேறு, நம் ஊர் பிக்கப் வேறு. அங்கே பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் மளிகை வாங்கப் போவதும் பிக்கப்பில்தான், அது குடும்ப வண்டி. போதாததற்கு, ஐரோப்பாக்காரர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டார்கள் என்ற கோபத்தில் 1964 முதல் வெளிநாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 விழுக்காடு வரி விதித்தார்கள். அதற்குப் பெயரே 'கோழி வரி'. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், வரி மட்டும் பல பத்தாண்டுகள் நின்றது. வெளிப்போட்டி குறைவாக இருந்ததால் பிக்கப் அங்கே விலை நின்று பழகிவிட்டது.

நம் ஊரில் பிக்கப் என்றால் விடிகாலையில் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் மூட்டையோடு நேதாஜி மார்க்கெட் பக்கம் ரிவர்ஸ் எடுக்க இடம் தேடும் மஞ்சள் போர்டு வண்டி. வீட்டுக்கு ஓட்டுகிற டபுள் கேபின் பிக்கப்பும் இருக்கத்தான் செய்கிறது, இசுசூ வி-கிராஸ் மாதிரி. சத்துவாச்சாரி பக்கம் எப்போதாவது ஒன்று கண்ணில் படும், கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் விற்க நினைத்தால் வாங்குகிற ஆளை வலைபோட்டுத் தேட வேண்டும். பழைய வண்டிக்கு விலை சொல்வது கன்சல்டிங் கடைக்காரர் இல்லை, அதற்காக அவர் வாசலில் எத்தனை பேர் வந்து கேட்கிறார்கள் என்பதுதான். ஆகவே பிக்கப்பை விடுங்கள்.

ஹைபிரிட்டுக்கு ஒரு மனக்கணக்கு போடுவோம். அதே காரின் பெட்ரோல் மாடலைவிட ஹைபிரிட் 3 லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பெட்ரோல் காருக்கு 14 கிலோமீட்டர், ஹைபிரிட்டுக்கு 21. (கம்பெனி 27.97 என்றெல்லாம் விளம்பரத்தில் போடும், அது சோதனைக்கூடக் கணக்கு.) மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 2,400 ரூபாய்தான் மிச்சம், கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப பத்து வருடத்துக்கும் மேல் ஆகும். மாதம் 2,500 ஓட்டுகிறவருக்கு 6,000 மிச்சம், நாலு வருடம் சொச்சத்தில் சரியாகிவிடும். ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கணக்குதான். விற்கும்போது அந்த 3 லட்சத்தில் ஒன்றரை லட்சமாவது திரும்பக் கிடைத்தால் உங்கள் பத்து வருடம் ஐந்தாகச் சுருங்கிவிடுகிறது பாருங்கள், ரீசேல் முக்கியமாவது இங்கேதான். இன்னொன்று, ஹைபிரிட் அதிகம் மிச்சம் பிடிப்பது சென்னை நெடுஞ்சாலையில் அல்ல, கிரீன் சர்க்கிள் நெரிசலில். நின்று நின்று போகும்போது என்ஜின் அணைந்து மோட்டாரில் நகரும், பிரேக் பிடிக்கும்போது பேட்டரி ஏறும். மாதம் எவ்வளவு ஓடுவீர்கள், எங்கே ஓடுவீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே!

நாலு வருடம் ஓட்டிய என் பிக்கப்புக்கு முன்பு புரோக்கர் சொன்ன விலையைவிட இப்போது முக்கால் லட்சம் குறைத்துக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ஹைபிரிட் அவ்வளவு இறங்கவில்லையாம். ஏமாற்றுகிறார்களா?
– வியாபாரி, குடியாத்தம்

இல்லை அண்ணே. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரியோடு 10 லட்சம் விற்ற புது பிக்கப்பின் விலை ஏறக்குறைய 9 லட்சத்து 22 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. புதுசே 78 ஆயிரம் குறையும்போது பழசுக்கு முன்பு பேசிய விலையை யார் தருவார்கள்? பெரிய ஹைபிரிட் காருக்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 43 ஆக இருந்தது 40 ஆனது, அவ்வளவுதான். 20 லட்சம் வண்டியில் 42 ஆயிரம் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தப்பித்தது இதனால்தான், அவர் வண்டி உங்களுடையதைவிட உசத்தி என்பதால் இல்லை. அவருக்கும் ஒரு இடி இருக்கிறது: 45, 50 என்று வரி கட்டிக்கொண்டிருந்த பெரிய பெட்ரோல் கார்களும் அதே 40க்கு வந்துவிட்டதால், ஹைபிரிட்டுக்கு இருந்த வரிச் சலுகை கரைந்து போனது.

ஒன்று கேட்கிறேன், நாலு வருடத்தில் உங்கள் வண்டி என்ன சம்பாதித்தது? வாடகை, மிச்சமான லாரிக் கூலி எல்லாம் கூட்டிப் பாருங்கள். ஹைபிரிட் கார் போர்ட்டிகோவில் நின்றபடியே விலை இறங்கும். பிக்கப் இறங்கினாலும் அதற்கான காசைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கும்.

விற்பதற்கு முன் எஃப்.சி.யை, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றைப் பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம். உங்கள் வண்டிக்கு நாலு வயது என்றால் இப்போது எஃப்.சி. காட்டி எடுத்துவிட்டு விற்றால் வாங்குகிறவருக்கு இரண்டு வருடம் நிம்மதி, அதற்கு அவர் கூடுதலாகக் கொடுப்பார். எட்டைத் தாண்டவிட்டால் பேச்சே வேறு.

பிக்கப்பில் கிலோமீட்டரைவிட என்ன லோடு ஏற்றினீர்கள் என்பதுதான் விலை. போன வருடம் மாமா பையனுக்காக ராணிப்பேட்டையில் ஒரு வண்டி பார்க்கப் போனேன். பளபளவென்று புது பெயின்ட், லோடு பாடியின் தரைக்குப் புதுத் தகடு. "காய்கறி மட்டும்தான் சார் ஏத்தினது" என்றார் விற்கிறவர். கீழே குனிந்து குறுக்குச் சட்டத்தில் கையை வைத்தேன், துரு அப்பளம் மாதிரி விள்ளல் விள்ளலாகக் கையோடு வந்தது. விரலை முகர்ந்தேன், பச்சைத்தோல் நாற்றம். தோல் தொழிற்சாலைக்குப் போகும் பச்சைத்தோலில் உப்பு தடவித்தான் அனுப்புவார்கள், அந்த உப்புத்தண்ணீர் ஒழுகி ஒழுகி இரும்பை அரித்துவிடும். மேலே எத்தனை கோட்டிங் பெயின்ட் அடித்தாலும் மழைக்காலத்தில் அந்த வாசனை வந்துவிடும். கத்தரிக்காய்க்கு அந்த மணம் கிடையாது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

சென்னை நம்பர் 2023 மாடல் ஹைபிரிட், 70,000 கிலோமீட்டர் ஓடியது, நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா? பேட்டரி போனால் சொத்தையே எழுதிக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், வாலாஜா

பொய்கை சந்தைக்குப் போனால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகுதானே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள்? ஹைபிரிட்டுக்குப் பல் என்பது பேட்டரி வாரண்டி. டொயோட்டா, மாருதி இரண்டுமே ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி தருகிறார்கள். இந்த வண்டிக்கு இன்னும் 90,000 கிலோமீட்டர் பாக்கி. ஆனால் நீங்கள் வாங்கி இன்னொருவருக்கு விற்கும்போது அவருக்கு என்ன பாக்கி இருக்கும் என்பதையும் இப்போதே யோசியுங்கள், வாரண்டி முடிகிற கோட்டை நெருங்க நெருங்க வாங்குகிறவர் பயம் கூடும், பயம் கூடினால் விலை இறங்கும்.

சர்வீஸ் எல்லாம் கம்பெனியிலேயே நடந்ததா என்று வரலாறு கேளுங்கள், அங்கேயே பேட்டரியைச் சோதித்துத் தாளில் வாங்குங்கள். டொயோட்டா வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத்துளை சீட்டுப் பக்கம் இருக்கும், மாடலுக்கு மாடல் இடம் மாறும். அதில் தூசி அடைத்திருந்தாலோ, மேலே துணிமூட்டை போட்டே ஓட்டியிருந்தாலோ பேட்டரி சூட்டில் வெந்திருக்கும்.

எனக்கு உறுத்துவது சென்னை நம்பர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அங்கே எத்தனையோ கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. சாதாரணக் காரென்றால் காயவைத்து ஒப்பேற்றிவிடுவார்கள், உயர் மின்னழுத்தப் பேட்டரி உள்ள வண்டியில் அந்த விளையாட்டு ஆகாது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாறு கேளுங்கள், ஸ்பேர் வீல் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கறை தெரிகிறதா என்றும் பாருங்கள். 'நல்ல விலை' என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் நல்ல விலை என்பதுதான் என் கேள்வி.

இன்சூரன்ஸில் போட்டிருக்கும் ஐ.டி.வி.தானே விற்கும் விலை?
– வாசகர், ஆற்காடு

இல்லை. ஐ.டி.வி. என்பது இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் வண்டிக்குப் போடும் மதிப்பு, புது வண்டி விலையிலிருந்து வயதுக்கு ஏற்பப் பட்டியல் போட்டுக் கழிப்பது. ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50. ஹைபிரிட்டோ பிக்கப்போ பேதமே கிடையாது. வருமான வரித் தேய்மானமும் இப்படித்தான், காருக்கு வருடம் 15, வாடகைக்கு விடும் லாரிக்கு 30. சந்தையில் பேரம் பேச இதில் எதுவும் உதவாது.

என் பழைய காரின் பின்னால் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று எழுதியிருக்கிறது. ஹைபிரிட் விலை கேட்கலாமா?
– வாசகர், அணைக்கட்டு

கேட்கலாம், கொடுக்க மாட்டார்கள். அது மைல்டு ஹைபிரிட். சின்ன மோட்டார் என்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், மோட்டாரில் மட்டும் வண்டி ஓடாது. பெட்ரோல் கார் விலைதான்.

பிக்கப்பை விற்றுவிட்டேன். பெயர் மாற்றுவதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிப் போனார் புரோக்கர். ஒன்றும் பிரச்சினை வராதே?
– வாசகர், வாணியம்பாடி

வரும் தம்பி, எனக்கு வந்தது. நானும் இப்படித்தான் 29, 30 இரண்டு படிவத்திலும் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, காசை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்றரை வருடம் அந்த வண்டி என் பெயரிலேயே சித்தூர் ரோட்டில் ஓடியிருக்கிறது. அதிக பாரம், சிக்னல் மீறல் என்று அபராதம் என் போனுக்கு மெசேஜாக வரத் தொடங்கியபோதுதான் விழித்தேன். புரோக்கர் யாரிடமோ விற்று, அவர் வேறு யாருக்கோ கைமாற்றி, கடைசி ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அபராதமாவது கட்டித் தொலைக்கலாம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் கடமை. எம்-பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்கள். இன்னும் உங்கள் பெயரே காட்டினால் புரோக்கருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், எழுத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். வண்டியை ஒப்படைத்ததற்கு டெலிவரி நோட்டு எழுதியிருந்தால் அதன் நகலையும் வையுங்கள், அதில் தேதியோடு மணியும் இருக்கிறதா? காலை பத்து மணிக்கு விற்ற வண்டி பதினொன்றுக்கு எங்கேயாவது இடித்திருந்தால், அப்போது வண்டி உங்கள் கையில் இல்லை என்பதற்கு அந்த ஒரு மணிதான் சாட்சி.