மரியாதை எங்க போச்சு? வாத்தியார் ஒருத்தருக்கு பதில்

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கடிதத்த சுருக்கி போட்டிருக்கேன்.)

தம்பிக்கு வணக்கம். 34 வருஷம் அரசுப் பள்ளியில வேலை பார்த்தவன். போன வாரம் டீக்கடையில என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன், இப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம், கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தான். என்னைப் பார்த்தும் எந்திரிக்கல. அதைக்கூட விடுங்க. ரோட்டுல தாசில்தார் ஜீப் போச்சு, "பாருடா, நம்ம காசுல போறாங்க"ன்னு சத்தமா சொல்றான், கூட இருந்தவனுங்க சிரிக்கிறானுங்க. வாத்தியார், போலீஸ், கோர்ட், பெத்தவங்க, யார் மேலயும் இந்தப் பசங்களுக்கு மதிப்பு இல்ல. செல்போனா, சினிமாவா, எங்க கையில இருந்த பிரம்பைப் பிடுங்கினதாலயா? பிரம்பைத் திருப்பிக் குடுத்தா பாதி சரியாயிடும்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

*

சார், வணக்கம்.

இதையே நினைச்சிட்டு இருந்த நேரம் பார்த்து உங்க கடிதம் வந்துச்சு, அதான் உடனே எழுதறேன்.

செல்போன், சினிமா ரெண்டையும் விட்டுடுங்க சார். நம்ம சின்ன வயசுல இதே பழிய ரேடியோ மேல போட்டாங்க, அப்புறம் டிவி மேல போட்டாங்க. கால் மேல கால் போட்டத பத்தி என்கிட்ட பேசாதீங்க. பெரியவங்க முன்னாடி கால் மேல கால் போட்டான்னு இந்த மண்ணுல யார் யாரை அடிச்சிருக்காங்கன்னு உங்களுக்கே நல்லா தெரியும். அதை மரியாதைக் கணக்குல சேர்க்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். பிரம்பு விஷயம்: 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு குழந்தைய அடிக்கக் கூடாதுன்னு சொல்லுது, அது சரியான சட்டம். உங்க பிரம்புக்கு பயந்து எந்திரிச்சவங்கள்ல எத்தனை பேர் இன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்து நலம் விசாரிக்கறாங்கன்னு எண்ணிப் பாருங்க. வர்றவங்க நீங்க பாடம் நடத்தினதுக்காக வர்றவங்க.

எனக்கு உறுத்தறது அந்த ஜீப்தான்.

1993ல பிளஸ் டூ முடிச்சிட்டு பாலிடெக்னிக் சேரணும், சாதி சான்றிதழ் வேணும். எங்கப்பா தறி ஓட்டறவர். எங்க தெருவுல ஒரு சண்டைன்னா அப்பா வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும், அப்படி ஒரு ஆளு. தாலுகா ஆபீஸ் வாசல்ல போய் நின்னதும் செருப்பைக் கழட்டினார். யாரும் கழட்டச் சொல்லல சார், மத்தவங்க எல்லாம் செருப்போடதான் போய்ட்டு வந்துட்டு இருந்தாங்க. தோள்ல கிடந்த துண்டை எடுத்து கக்கத்துல வச்சிக்கிட்டார். உள்ள இருந்தவருக்கு முப்பது வயசு இருந்தா அதிகம், தலைய நிமித்தாமலே "நாளைக்கு வா"ன்னார். அப்பா "சரிங்க சார்"ன்னார். மறுநாளும் போனோம், விஏஓ கையெழுத்து சரியில்ல, ஆர்ஐ, அதான் வருவாய் ஆய்வாளர், பார்க்கணும், ஆர்ஐ கேம்ப் போயிருக்கார். அங்க மனு குடுக்க வந்தவங்க உக்கார ஒரு பெஞ்ச் கூட கிடையாது, சுவத்துல முதுக சாய்ச்சிட்டே நின்னு வயசானவங்க முதுகு பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு தேஞ்சு கருப்பா ஒரு பட்டை விழுந்திருந்தது, அது இன்னிக்கும் என் கண்ணுல இருக்கு. மூணாவது நாள் ரேஷன் கார்டுக்கு அடியில அம்பது ரூபா நோட்டை நாலா மடிச்சு வச்சு அப்பா நீட்டினார். நான் பக்கத்துல நிக்கறேன். நான் பார்த்துட்டேன்னு அவருக்கும் தெரியும். சாயங்காலமே சான்றிதழ் கைக்கு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல எனக்கு பன்னும் டீயும் வாங்கிக் குடுத்துட்டு அவர் தண்ணி மட்டும் குடிச்சார். வழியில ஒரு வார்த்தை பேசல.

இதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த வாரமே, சைக்கிளை ஏன் வெயில்ல விட்டேன்னு அப்பா கேட்டதுக்கு, "எல்லாம் எனக்குத் தெரியும், உங்க வேலையப் பாருங்க"ன்னு நான் கத்திட்டேன். அதுவரைக்கும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவன் இல்ல. அவர் திருப்பி ஒண்ணும் சொல்லல, தறிக்குழிக்குள்ள இறங்கிட்டார். அந்த ஆபீஸ்காரர் மேல வந்திருக்க வேண்டிய கோவம், நேரா அங்க போக பயந்துகிட்டு, கைக்கு எட்டின எங்கப்பா மேல விழுந்துச்சு. இதை நான் புரிஞ்சிக்கவே இருபது வருஷம் ஆச்சு சார், அதுக்குள்ள அவர் போய்ட்டார்.

பிள்ளைங்க பெத்தவங்கள மதிக்கலன்னு நீங்க தனியா ஒரு வரி எழுதியிருக்கீங்க, ஆபீஸ மதிக்கலன்னு தனியா ஒரு வரி. அது ரெண்டும் ஒரே விஷயம் சார். கவர்மெண்டுனா என்னன்னு ஒரு புள்ள முதல்முதல்ல கிட்டத்துல பார்க்கறது எப்ப? பதினேழு பதினெட்டு வயசுல, வருமானம், சாதி, முதல் பட்டதாரின்னு சான்றிதழ் வாங்கப் போறப்பதான். அதுவும் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கூட நிக்கறப்ப. வீட்டுல ராஜா மாதிரி இருந்த மனுஷன் அங்க எப்படி ஆயிடறார்னு அந்தப் புள்ள பக்கத்துல நின்னு பார்க்குது.

இப்ப எல்லாம் ஆன்லைன்னு சொல்வீங்க. போன மாசம் என் அக்கா பொண்ணுக்கு வருமான சான்றிதழ், இ-சேவை மையத்துல 60 ரூபா கட்டிப் போட்டோம். அடுத்த நாளே "நேர்ல வந்து பாருங்க"ன்னு போன். எதுக்கு நேர்லன்னு அந்தப் பொண்ணு என்னைக் கேட்டா, நான் பதில் சொல்லல. பேப்பர்ல வாரா வாரம் படிக்கறோமே, ரசாயனம் தடவின நோட்டு, லஞ்சம் வாங்கினவரை கையும் களவுமா பிடிச்சாங்கன்னு, அதை அவளும் படிக்கிறா. 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி லஞ்சம் குடுக்கறவனும் குற்றவாளின்னு ஆக்கிட்டாங்க, கட்டாயப்படுத்தி வாங்கினா ஏழு நாளுக்குள்ள புகார் குடுக்கணும். கூலிக்குப் போற ஒரு அப்பா ஏழு நாள்ல எந்த ஆபீஸுக்கு ஓடுவார், சொல்லுங்க. வாங்கினவன் வீட்டுக்குப் போயிடறான், குடுத்த மனுஷன் புள்ள முன்னாடி திருடன் ஆகறார்.

2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கந்துவட்டிக் கொடுமைன்னு புருஷன், பொண்டாட்டி, ரெண்டு சின்னக் குழந்தைங்க தீயில வெந்தாங்க. அதுக்கு முன்னாடி மனு மேல மனு குடுத்தவங்க அவங்க. அதை வச்சு கார்ட்டூன் போட்டவரை அடுத்த மாசமே கைது பண்ணாங்க. இன்னிக்கு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போனா வாசல்ல போலீஸ் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கான்னு பார்க்குது. தண்ணி பாட்டிலை மோந்து பார்த்து உள்ள விடற எடத்துக்கு உங்க மாணவன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போகணுமா?

அதிகாரத்துக்கு முதல்ல மரியாதை குடுக்காம விட்டது யாருன்னும் பாருங்க. 2020 ஜூன்ல சாத்தான்குளம். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போன அப்பாவ என்ன ஏதுன்னு கேக்கப் போனவர் மகன். அப்பாவுக்காகப் போன புள்ள சார் அவர். ஸ்டேஷன்ல போலீஸ் அடிச்ச அடியில ரெண்டு பேரும் சில மணி நேர வித்தியாசத்துல செத்துப் போனாங்க. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஒரு போலீஸ்காரர் மரியாதையில்லாம பேசினார்னு அந்த மாஜிஸ்திரேட்டே ஹைகோர்ட்டுக்கு எழுதினார், ஹைகோர்ட் அதை கோர்ட் அவமதிப்பா எடுத்துச்சு. ஆனா அதே ஸ்டேஷன்ல ரேவதின்னு ஒரு ஏட்டம்மா, அந்த ராத்திரி தான் பார்த்ததை பயத்தோடயே மாஜிஸ்திரேட் கிட்ட சொன்னாங்க. என் அக்கா பொண்ணு இன்னிக்கும் அவங்க பேரை "ரேவதி மேடம்"னுதான் சொல்வா. போலீஸ மதிக்கத் தெரியாத புள்ளைங்களாம்!

ஓட்டு விஷயமும் இப்படித்தான். 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் கிராமங்கள்ல 2019 டிசம்பர்ல நடந்துச்சு, அதுவும் 27 மாவட்டத்துல மட்டும். ஒன்பது மாவட்டத்துக்கு 2021, நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. அதுவரைக்கும் ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்க இடத்துல அரசு போட்ட தனி அலுவலர். 2016ல 18 வயசான டவுன் பையன் தன் வார்டு கவுன்சிலருக்கு முதல் ஓட்டு போடறப்ப அவனுக்கு 23, 24 ஆயிடுச்சு. இதுல நீங்க பாடம் நடத்தின ஜனநாயகத்தை அவன் எங்க போய்ப் பார்ப்பான்? இதுக்கு மேல எழுதினா கோவம்தான் வரும், விட்டுடறேன்.

உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். உங்கள மாதிரி ஒரு வாத்தியார்தான் எனக்கு பாலிடெக்னிக் அப்ளிகேஷன் வாங்கி, தன் கையெழுத்துலயே பூர்த்தி பண்ணிக் குடுத்தார். அதனாலதான் உங்ககிட்ட உரிமையா சண்டை போடறேன். அந்தப் பையன் எந்திரிக்கலன்னு நீங்க வருத்தப்பட்டீங்களே தவிர, அவன் பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேசலையே.

நாளைக்கே டீக்கடைக்குப் போங்க. அவனுக்கு நீங்க டீ வாங்கிக் குடுங்க. காலேஜ்ல சேர்றப்ப சான்றிதழுக்கு எத்தனை தடவை அலைஞ்சேன்னு கேளுங்க. அவங்க அப்பா கூட வந்தாரா, அங்க அவரை எப்படிக் கூப்பிட்டாங்கன்னும் கேளுங்க. என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க சார், நான் பார்த்துட்டே இருப்பேன்.