மதுரை – டொராண்டோ: டிக்கெட்டில் எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் டிசம்பரில் டொராண்டோ போகிறோம். மதுரையிலிருந்து சுமார் 13,650 கிலோமீட்டர், 15 மணி நேரம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. டிராவல்ஸ்காரர் காட்டிய டிக்கெட்டில், சென்னையில் சனிக்கிழமை காலை 4 மணிக்குக் கிளம்பி, துபாயில் மாறி, அன்று மாலை 4 மணிக்கே போய்ச் சேருகிறது. துபாய் வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் ஆளுக்கு 14,000 ரூபாய் குறையுமாம். எடுக்கலாமா? – மேலூர் வாசகர்

பதில்: அந்த 15 மணி நேரம் வெறும் வகுத்தல் கணக்கு. உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரத்தை, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். அப்படி நேராகப் போகிற விமானம் மதுரையிலிருந்து கிடையாது. துபாய் வழியாக அளந்தாலும் 14,000 சொச்சம்தான், அரை மணி நேரப் பறப்பு கூடும். ஆகவே தூரத்தை மறந்துவிடுங்கள். நேரத்தைத் தின்பது விமானம் மாறக் காத்திருப்பதுதான்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். டிசம்பரில் டொராண்டோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். உங்கள் 12 மணி நேரத்தோடு அதைக் கூட்டினால் இருபத்திரண்டரை. சென்னை போகிற நேரம் தனி. வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால், அது தாம்பரம் வருவதற்குள் விமானம் போயிருக்கும். காலையிலேயே வைகையைப் பிடித்துவிடுங்கள்.

தனித்தனி டிக்கெட் வேண்டவே வேண்டாம். சென்னை விமானம் தாமதமானால், துபாயில் உங்களை ஏற்ற வேண்டிய கம்பெனிக்கு அதில் பொறுப்பு இல்லை. வராதவர் என்று குறித்துவிட்டுக் கிளம்பிவிடும். ஒரே பிஎன்ஆரில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியையும் துபாயில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். பெட்டி வருகிற இடம் குடியேற்றச் சோதனைக்கு அந்தப் பக்கம், அங்கே போக அந்நாட்டு விசா வேண்டும். அப்புறம், இரண்டு டிக்கெட்டிலும் அனுமதிக்கும் கிலோ வேறாக இருந்தால் குறைவானதுதான் உங்கள் அளவு. பிரசவ லேகியம், கருப்பட்டி என்று கட்டுகிறவர்களுக்கு, கூடுதல் கிலோவுக்குக் கட்டுகிற காசிலேயே அந்த 14,000 கரைந்துவிடும். (லேகியத்தைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.)

அமெரிக்கா வழியாக மலிவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அங்கே விமானம் மாறுவதற்கே விசா வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

துபாயில் மூன்று, நான்கு மணி நேர இடைவெளி உள்ள ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். மனைவிக்கு நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலியையும் அப்போதே பதியச் சொல்லுங்கள். சென்னை கவுண்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் துபாய் அல்ல, டொராண்டோ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.