தோப்பில் கிளைபோசேட் அடிப்பதால் புற்றுநோய் வருமா?

கேள்வி: உடுமலைப் பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு. களைக்கு கிளைபோசேட் நானேதான் கைத்தெளிப்பானில் அடிக்கிறேன். புற்றுநோய் வரும் என்று மகள் பயப்படுகிறாள். உண்மையா? அடித்த இடத்துப் புல்லை மாடு மேயலாமா?

பதில்: உங்கள் மகள் சொல்வது வெறும் வதந்தி இல்லைங்க. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 மார்ச்சில் கிளைபோசேட்டை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது, நாம் பூச்சிக்கு அடிக்கும் மாலத்தியானும் அதே கூட்டத்தில்தான் அந்தப் பிரிவுக்குப் போனது. ஆனால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியும் அதே 2ஏ-வில்தான் இருக்கின்றன. ஒரு பொருளால் புற்றுநோய் வர முடியுமா என்பதைத்தான் அந்த முகமை பார்க்கிறது, எவ்வளவு பட்டால் வரும் என்று அது சொல்வதில்லை. அமெரிக்காவில் மருந்து தெளிப்பவர்கள் 54,000 பேருக்கு மேல் பல வருஷம் கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இதற்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. அதனால் வரவே வராது என்றும் சொல்ல மாட்டேன், வந்துவிடும் என்று பயமுறுத்தவும் மாட்டேன். மருந்து உடம்பில் படுவதைக் குறைப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

எங்கே படுகிறது தெரியுமா? அடிக்கும்போது பறக்கும் சாரலைவிட, கலக்கும்போது கையில் வழியும் கெட்டி மருந்தும், மூடி வாஷர் போன டேங்கிலிருந்து முதுகில் ஒழுகுவதும்தான் பெரிய விஷயம். சட்டை நனைந்தபடியே நாலு மணி நேரம் அடிப்பார்கள், அடைத்த நாசிலை வாயில் வைத்து ஊதுவார்கள், அப்புறம் அதே கையோடு வெற்றிலை போடுவார்கள். வாஷரை மாற்றுங்கள், ரப்பர் கையுறை போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள், அடித்த துணியைத் தனியாகத் துவையுங்கள். துணியைத் துவைப்பது வீட்டுப் பெண்கள்தான் என்பதால் அவர்களுக்கும் கையுறை வேண்டும்.

இன்னொன்று, இந்த மருந்துக்கு நம் நாட்டில் தேயிலைக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான் பதிவு. 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிப்பு, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள்தான் அடிக்கலாம் என்கிறது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

தென்னைக்கு எதற்குங்க இந்த மருந்து? மழை சமயத்தில் சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் பாதிக் களை அடங்கிவிடும். வட்டப்பாத்தியில் மட்டையும் மட்டைத்தூளும் மூடாக்காகப் போடுங்கள், மீதிக்குக் களைவெட்டும் மெஷின் போதும்.

அடித்த புல்லில் மாட்டைக் கட்டாதீர்கள். முழுசாகக் காய்ந்து புதுத் தளிர் வரும்வரை, குறைந்தது மூன்று வாரம் பொறுங்கள். மருந்து பட்டு வாடும்போது சில விஷச்செடிகளையும் மாடு ருசித்துத் தின்றுவிடும், மருந்தைவிட அதுதான் உடனடி ஆபத்து.

என்னைக் கேட்டால், கிளைபோசேட்டைவிட உங்கள் தோட்டத்துச் சாளை வீட்டின் பரணைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கறையானுக்கும் எறும்புக்கும் தூவிய பழைய லிண்டேன் அல்லது பி.எச்.சி. பவுடர் டப்பா இருக்கிறதா? லிண்டேன் நிணநீர்ப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள் என்று அதே முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது, இந்தியாவில் எப்போதோ தடையும் செய்தாகிவிட்டது. இருந்தால் விதைப் பானையில் தூவாதீர்கள், எரிக்காதீர்கள், கிணற்றோரம் புதைக்காதீர்கள். டப்பாவோடு கவரில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, வட்டார வேளாண் அலுவலகத்தில் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.