சினிமாப் பாட்டு போடாத அரை மணி நேரம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கல்லூரிச் சமுதாய வானொலி, அதாவது கல்லூரியே சுற்றுவட்டாரத்துக்காக நடத்தும் சின்ன எஃப்.எம். பற்றிப் போகிற போக்கில் ரெண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே. வீட்டுக்கடன், முடி கொட்டுவது எல்லாம் அடுத்த இதழில்.

கேள்வி: எங்கள் கல்லூரி எஃப்.எம்.மில் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள் அண்ணே. ‘ஆல்டர்நேட்டிவ் மியூசிக்’ போடப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்புப் பேராசிரியர், ‘அப்படின்னா என்னம்மா, கர்நாடக சங்கீதமா, வெஸ்டர்னா?’ என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன்.
— இரண்டாம் ஆண்டு மாணவி, திருநகர்

அவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார், ஏனென்றால் அந்தப் பேருக்கென்று ஒரு ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. 1980-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் நடத்திய சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், பெரிய ஸ்டேஷன்கள் தொடாத பாண்டுகளை ராத்திரி பகலாகப் போட்டுத் தள்ளின, அந்த மாதிரிப் பாட்டுக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான் இது. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரிலிருந்து வந்த ஆர்.இ.எம். என்ற பாண்டு அப்படித்தான் வெளியே தெரிந்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 1972-ல் தொடங்கிய கே.சி.எம்.யூ. என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது, இன்றைக்கு கே.இ.எக்ஸ்.பி. என்று யூடியூபில் நீங்கள் பார்ப்பது அதேதான். நிர்வாணா என்ற ராக் பாண்டின் முதல் ஆல்பத்தை 1989-ல் வெளியிட்ட சப் பாப் என்ற கம்பெனியை நடத்திய இரண்டு பேருமே அங்கே நிகழ்ச்சி நடத்தியவர்கள். சவுண்ட்கார்டன் பாண்டின் கிடார்காரர் கிம் தயிலும் அங்கே ஆர்ஜேயாக இருந்தவர்தான். ஆக, பாட்டைத் தேடிப் பிடிக்கிறவர்களும் பாட்டு போடுகிறவர்களும் அந்த ஊரில் ஒரே கூட்டம்.

பேராசிரியரிடம் இவ்வளவும் சொல்ல வேண்டாம். ‘இந்த ஊரில் மற்ற ஸ்டேஷன்கள் போடாத பாட்டு சார்’ என்று சொன்னால் போதும். மதுரையில் ரேடியோவைத் திருப்பினால் சினிமாப் பாட்டு, விளம்பரம், மறுபடியும் சினிமாப் பாட்டு. எனக்கும் சினிமாப் பாட்டு உயிர்தான், ஆனால் அதற்கு நீங்கள் தேவையில்லை. மலேசியாவிலிருந்து 2006-லேயே தமிழ் ராப் ஆல்பம் கொண்டுவந்த யோகி பி அண்ட் நட்சத்ரா, கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கிடாரோடு தனியாக உட்கார்ந்து பாடும் கபேர் வாசுகி, இப்படித் தொடங்கினாலே ஒரு மாதம் ஓடும்.

இன்னொன்றையும் காதில் போட்டுவையுங்கள். சமுதாய வானொலிக்கான மத்திய அரசு விதியில், நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்போடு தயாரானதாக இருக்க வேண்டும், கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் பேச்சுவழக்கிலும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊர்ப் பையன்கள் பாண்டு ஒன்றை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தால் அது அந்தக் கணக்கில் சேரும். நிகழ்ச்சிக் குறிப்பில் இதை எழுதிக் கொடுங்கள், கையெழுத்து சீக்கிரம் விழும்.

கேள்வி: யார் சார் இதையெல்லாம் கேட்கிறார்கள்? எல்லாரும் போனில்தானே இருக்கிறார்கள்?
— வாசகர், செல்லூர்

கூட்டம் குறைவுதான், மறைக்க என்ன இருக்கிறது. இந்தியாவிலேயே முதல் கல்லூரிச் சமுதாய வானொலி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரியில் வந்தது, அது வந்தபோதே ‘யார் கேட்பார்கள்’ என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். இந்த ஸ்டேஷன்களுக்கு ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட்ஸ்தான் அளவு, டவர் 30 மீட்டருக்குள். நல்லபடியாக எடுத்தால் பத்து கிலோமீட்டர் போகும், நடுவில் நாகமலை மாதிரி ஒன்று நின்றால் அதற்கு அந்தப் பக்கம் கரகரப்புதான். ஆனால் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் தையல் கடை இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, இரவு வாட்ச்மேன் இருக்கிறார். கைவேலையாக இருக்கிறவர்களால் நிமிஷத்துக்கு ஒருமுறை போனைத் தடவிப் பாட்டு மாற்ற முடியாது. அவர்களை மனதில் வைத்துப் பேசுங்கள், ஹாஸ்டல் நண்பர்களை வைத்துப் பேசினால் நாலு பேர் மட்டும் சிரிக்கிற நிகழ்ச்சியாகிவிடும்.

கேள்வி: மைக் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பெரிய எஃப்.எம். ஆர்ஜேக்கள் மாதிரி வேகமாகப் பேச வரவில்லை. பாட்டுக்கு நடுவில் எவ்வளவு பேசலாம், என்ன பேசலாம்?
— முதலாண்டு மாணவர், மேலூர்

வேகம் வராதது உங்கள் அதிர்ஷ்டம் தம்பி. காலை எட்டு மணிக்கு ‘வணக்கம் மதுரேய்ய்ய்’ என்று கத்துகிறவர்கள், ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டைப் போடுகிறார்கள். அங்கே பேச்சு வெறும் இடைவெளி நிரப்பத்தான். நீங்கள் போடப்போவது கேட்பவருக்குத் தெரியாத பாட்டு. தெரியாத பாட்டுக்கு முதல் இருபது செகண்டுதான் கண்டம், அதற்குள் கை ரேடியோ பக்கம் போய்விடும். அந்த இருபது செகண்டைத் தாண்ட வைப்பதுதான் பாட்டுக்கு நடுவில் நீங்கள் பேசுகிற பேச்சின், அதாவது லிங்க்கின் வேலை.

இப்படி ஒன்றைப் பாருங்கள். பாடகர் பிறந்த ஊர், படித்த படிப்பு, வாங்கிய விருது என்று விக்கிப்பீடியாவைப் படிக்கிறவர் ஒருத்தர். இன்னொருத்தர் சொல்கிறார்: ‘அடுத்து வர்ற பாட்டுல மொதல் நாப்பது செகண்டு வெறும் உறுமிதான். பாட்டு நின்னுபோச்சுன்னு ரேடியோவத் தட்டாதீங்க. கிடார் பின்னாடியே வருது, வரும்போது ரெண்டும் சண்ட போடுதா சேருதான்னு கேட்டுச் சொல்லுங்க.’ இரண்டாவது ஆளுக்குக் காது கொடுக்காமல் இருக்க முடியாது. கேட்பவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். இதை எழுத, பாட்டை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும், எந்த இடத்தில் என்ன வருகிறது என்று தாளில் குறித்திருக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

பாட்டு முடிந்ததும் பாண்டின் பெயரை மறுபடி சொல்லுங்கள். பலபேர் செய்யாமல் விடுவது இதைத்தான். நடுவில் ரேடியோ போட்டவருக்குப் பாட்டு பிடித்துவிட்டது, பெயர் சொல்லாமல் அடுத்ததற்குத் தாவினால் அவர் எங்கே போய்த் தேடுவார்? அரை மணி நேரத்துக்கு நாலைந்து பாட்டு, பேச்சு மொத்தமே ஏழெட்டு நிமிஷம். அதற்கு மேல் பேசினால் நானே அணைத்துவிடுவேன்.

அப்புறம் மைக். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் விடுங்கள், நேராக ஊதாமல் கொஞ்சம் ஓரமாகப் பேசுங்கள், இல்லாவிட்டால் ‘பரவை’, ‘பாண்டி கோயில்’ என்று ‘ப’ வருகிற இடமெல்லாம் குண்டு வெடிக்கும். ஹெட்போன் மாட்டாமல் பேசக்கூடாது. ஃபேனை நிறுத்துங்கள், சித்திரை வெயிலில் கஷ்டம்தான், லிங்க் பேசுகிற ஒரு நிமிஷமாவது நிறுத்துங்கள். எந்தக் கம்பெனியையும் சாராத தனி பாண்டுகளின் பாட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தத்தில் வரும், ஒன்று கிசுகிசுக்கும், அடுத்தது காதைப் பிய்க்கும். ஒலிபரப்புக்கு முன்னாலேயே லெவலைச் சரிபண்ணி, எந்தப் பாட்டுக்கு ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கும் பிடி) எங்கே நிற்க வேண்டும் என்று க்யூ ஷீட்டில் (எதற்குப் பின் எது என்ற வரிசைத் தாள்) எழுதிவையுங்கள். சில பாட்டு முடிந்த மாதிரி இருந்து மூன்று செகண்டு கழித்துத் திரும்ப ஆரம்பிக்கும். அதில் அவசரப்பட்டு மைக்கைத் திறந்தால் அசடு வழியும்.

நாக்கு ஒட்டுவதற்கு வெந்நீர். ஜிகர்தண்டா நிகழ்ச்சி முடிந்த பிறகு, பாலும் ஐஸ்கிரீமும் தொண்டையில் கட்டிக்கொள்ளும்.

கேள்வி: யூடியூபிலிருந்து இறக்கிப் போடலாமா?
— மாணவர், திருமங்கலம்

கூடாது. ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது: பாட்டும் மெட்டும் எழுதினவருடையது ஒன்று, அந்தப் பதிவுக்குச் சொந்தக்காரருடையது ஒன்று. எழுதினவர்களுக்காக வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. உங்கள் ஸ்டேஷனுக்கு எந்தெந்த உரிமம் இருக்கிறது என்று முதலில் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தனி பாண்டு என்றால் பெரும்பாலும் இரண்டு உரிமையும் அவர்கள் கையிலேயே இருக்கும், இன்ஸ்டாகிராமில் ரெண்டு வரி எழுதினால் சந்தோஷமாக நல்ல தரத்தில் ஃபைலே அனுப்புவார்கள், யூடியூபிலிருந்து உரித்த எம்பி3-யை விட அது எவ்வளவோ மேல். சம்மதத்தை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பழைய இசைத்தட்டுகள் மேல் ஆசை இருந்தால், நம் சட்டத்தில் ஒலிப்பதிவு உரிமை வெளியான வருஷத்திலிருந்து 60 ஆண்டுதான். ஆனால் பாட்டு எழுதினவர் உரிமை அவர் காலமானதிலிருந்து 60 ஆண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒலிபரப்பானதை மூன்று மாதம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி.

கேள்வி: நையாண்டி மேளம், ஒப்பாரி எல்லாம் இந்த நிகழ்ச்சியில் சேருமா? கிடார் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வீர்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சிம்மக்கல்

ஐயா, சேராமல்? என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் போடச் சொல்வேன். சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்திலும் வண்டியூரிலும் உட்கார்ந்து விடிய விடிய அழகர் வர்ணிப்பு பாடுகிறவர்களை எந்த ஸ்டேஷன் அரை மணி நேரம் முழுசாகப் போடுகிறது? மதுரையிலேயே வாழ்ந்து சௌராஷ்டிர மொழியில் கீர்த்தனை பாடிய நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) பாட்டு, அந்தச் சமூகத்து வீடுகளுக்கு வெளியே எத்தனை பேர் காதில் விழுந்திருக்கிறது? நாட்டுப்புறப் பாட்டைத் தேடித் தேடிச் சேகரித்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், நம் காமராசர் பல்கலைக்கழகத்தில்தான் பேராசிரியராக இருந்தார். உள்ளூரிலேயே இவ்வளவு இருக்கும்போது மாணவர்கள் சியாட்டிலில் தொடங்கி அங்கேயே நிற்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பதிவு பண்ணப் போகும் மாணவர்களுக்கு: மேளத்துக்குப் பக்கத்தில் போய் ரெக்கார்டரை நீட்டாதீர்கள். தவிலும் பம்பையும் சேர்ந்தால் லெவல் சிவப்பில் முட்டி எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். பத்துப் பதினைந்து அடி தள்ளி, நாகஸ்வரம் உங்கள் பக்கம் பார்க்கிற மாதிரி நில்லுங்கள். கோயில் மைக் செட் குழாய்க்கு எதிரே மட்டும் நிற்கவே நிற்காதீர்கள். பறைக்காரர்கள் ஆரம்பிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள், காய்ச்சக் காய்ச்ச ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள், தொளதொளவென்று இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கடைசியில் ‘டங்’ என்று நிற்கும். அதையும் பதியுங்கள், அது மட்டுமே ஒரு நிமிஷ நிகழ்ச்சி. உறுமியில் வளைந்த குச்சியால் தேய்க்கிற பக்கம் எது, அடிக்கிற பக்கம் எது என்று வாசிக்கிறவரையே சொல்லவையுங்கள்.

ஒலிபரப்பப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லி அனுமதி கேளுங்கள், வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் நிகழ்ச்சியில் சொல்லுங்கள், முடிந்தால் ஏதாவது பணம் கொடுங்கள். கிடார் பாண்டு என்றால் நாலு பேர் பெயரும் வரும், மேளம் என்றால் ‘கிராமியக் கலைஞர்கள்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

கேள்வி: எங்கள் பக்கம் பையன்களே பாட்டெழுதி, ஸ்டுடியோவில் பதிந்து வெளியிடுகிறார்கள். சினிமா இல்லை, முழுக்கச் சொந்தப் பாட்டு. ஆனால் எல்லாம் சாதிப் பெருமை. நண்பர்கள் போடச் சொல்லி நெருக்குகிறார்கள்.
— மாணவர், உசிலம்பட்டி பக்கம்

போடாதீர்கள். எந்தச் சாதியாக இருந்தாலும் சரி. தென்மாவட்டத்தில் சினிமா அல்லாத பாட்டு என்று தேடினால் முதலில் மாட்டுவதே இதுதான், கார் ஸ்பீக்கரிலும் திருவிழாவிலும் அலறுகிறது, என்ன செய்வது. உங்கள் டவருக்குக் கீழே எல்லாத் தெருவும் இருக்கிறது. ஒரு தெருவை உசத்தி இன்னொரு தெருவை மிரட்டுகிற பாட்டுக்கு அதில் இடமில்லை, அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிமுறை சமுதாய வானொலிக்கும் பொருந்தும், அதுவும் இதை அனுமதிக்காது. நண்பர்களிடம் விவாதம் பண்ண வேண்டாம், ‘லைசென்ஸ் போயிரும்டா’ என்று சொல்லித் தப்பியுங்கள். அதே பையன்களில் தாளக்கட்டு நன்றாக வருகிறவன் இருந்தால், அவனை வேறு விஷயத்தில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வரச்சொல்லி ஸ்டுடியோவில் பாட வையுங்கள். சாதியை எதிர்த்துப் பாடுகிறவர்களைப் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். தாராளமாகப் போடலாம், இரண்டும் ஒன்றில்லை.

கேள்வி: பையன் ராப்பகலாக ரேடியோ ரேடியோ என்று அலைகிறான். இது சோறு போடுமா?
— ஒரு தகப்பனார், சோழவந்தான்

நேராகப் போடாது. எடிட்டிங், பேச்சு, பேட்டி எடுப்பது, சொன்ன நேரத்தில் முடிப்பது, இதெல்லாம் கைக்கு வரும், அது பிறகு உதவும். அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்டேஷனில் நல்ல நிகழ்ச்சி நடத்திய மாணவி மூன்றாமாண்டு முடித்துப் போனதும் நிகழ்ச்சியும் நின்றுவிட்டது. ஒவ்வொரு வருடமும் இதே கதை.
— வானொலிப் பொறுப்பு விரிவுரையாளர், மதுரை

மேடம், ஆளை மட்டும் பார்த்து நேரம் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். மூன்றாமாண்டு ஒருவர், முதலாண்டு ஒருவர் என்று ஜோடியாகப் போடுங்கள், தீபாவளி வரை சின்னவர் க்யூ ஷீட் எழுதட்டும், பொங்கலுக்குப் பிறகு வாரம்விட்டு வாரம் மைக்கில் உட்காரட்டும். பாட்டு ஃபைல்கள், பாண்டுகளின் தொடர்பு விவரம், சம்மதக் கடிதங்கள் எல்லாம் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், போகிறவரின் பென்டிரைவில் இருக்கக் கூடாது. ஹால் டிக்கெட் வாங்க வரும்போதே அந்த ஃபோல்டரைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.