குரோமில் விழுந்த சிவப்புச் சட்டை: ஃபில்டரைத் திருப்பித் தரலாமா?

கேள்வி: பழைய காடிகளைப் படம் பிடிப்பது என் பொழுதுபோக்கு. பினாங்கு பாடாங் கோத்தா லாமாவில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் போகுமுன் கேமரா கடையில் விஷயத்தைச் சொல்லி, "குரோம் பம்பரில் என் உருவம் விழக்கூடாது" என்று கேட்டேன். "இதை மாட்டினால் பிரதிபலிப்பே இருக்காது" என்று 380 வெள்ளிக்கு ஒரு போலரைசர் ஃபில்டரைக் கொடுத்தார்கள். மோரிஸ் மைனர் பம்பரிலும், இன்ஜின் மூடியே இல்லாத ஒரு ஹாட் ராட்டின் குழாய்களிலும் என் சிவப்புச் சட்டை பளிச்சென்று விழுந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டுகிறார்கள். என்ன செய்வது?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் ஃபில்டர் நல்லதாகவே இருக்கலாம். கடையில் சொன்னதுதான் தவறு. கண்ணாடி, பெயிண்ட், தண்ணீர் ஆகியவற்றில் பட்டு வரும் பளபளப்பைத்தான் போலரைசர் குறைக்கும். குரோம் வெறும் உலோகம், அதில் விழும் உருவத்தை எந்த விலை ஃபில்டரும் அழிக்காது. ஹாட் ராட் என்பதே வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய வண்டி, பலவற்றில் இன்ஜின் வெளியே தெரியும். கலிஃபோர்னியாப் பையன்கள் 1932 ஃபோர்டை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, வி8 இன்ஜினைத் திறந்துவிட்டுப் பந்தயம் ஓட்டிய வழக்கம் அது. அதன் முன்னால் போலரைசரை நம்பி நின்றால் ஏமாற்றம்தான்.

முதலில் அது அசல்தானா என்று பார்த்துவிடுங்கள். சாதாரணக் கண்ணாடியைப் போலரைசர் என்று விற்பவர்களும் உண்டு. கடை மேசையில் இருக்கும் கால்குலேட்டரே போதும். லென்ஸில் மாட்டும் மரைப் பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கட்டும். ஃபில்டர் வழியாக எண்களைப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் திரை முழுக்கக் கறுத்துப்போனால் அசல். எவ்வளவு திருப்பினாலும் அப்படியே இருந்தால் போலி, வழக்கு இன்னும் சுலபம்.

சரி, பணத்துக்கு வருவோம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு உங்களுக்கானது. எதற்காக வாங்குகிறீர்கள் என்று கடையில் சொல்லி, அவர்கள் பேச்சை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். சுவரில் மாட்டிய போர்டு அந்த உரிமையைப் பறித்துவிடாது. இவ்வளவு காலமாகியும் அந்தப் போர்டு எத்தனை கடைகளில் தொங்குகிறது பாருங்கள்!

ஒரே சிக்கல், கடையில் சொன்னது வாய்ப்பேச்சு. இன்றே கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்ன வேலைக்கென்று கேட்டேன், இப்படிச் சொல்லித் தந்தீர்கள், வேலை செய்யவில்லை, பணம் வேண்டும். அவர்கள் மறுக்காமல் எதையாவது சொல்லி மழுப்பினாலும் அது உங்களுக்குச் சாதகமே. பில்லையும் சிவப்புச் சட்டைப் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். நாள் கடத்தாதீர்கள், நியாயமான காலத்துக்குள் திருப்பாவிட்டால் அந்த உரிமை நழுவிவிடும். அப்படியும் வழிக்கு வரவில்லையா? பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது டிடிபிஎம்மில், 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. மனு எழுதத் தயக்கமாக இருந்தால் ஜார்ஜ் டவுனிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், அசலாக இருந்தால் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கஸ்டம் கார்களில் 'கேண்டி' பெயிண்ட் அடிப்பார்கள்: அடியில் மினுக்கும் உலோகப் பூச்சு, மேலே ஒளி ஊடுருவும் நிறம். நம் ஊர் வெயிலில் வானத்தின் வெள்ளை அதன் மேல் பாய் விரித்த மாதிரி படிந்துவிடும். பரப்புக்குச் சுமார் 35 பாகை சாய்வில் நின்று ஃபில்டரைத் திருப்பினால் அந்த வெள்ளை விலகி அடியிலிருக்கும் மினுக்கு எழும்பும். முழுக்க எடுத்துவிடாதீர்கள், பளபளப்பு கொஞ்சம் இருந்தால்தான் உடலின் வளைவு தெரியும். பக்கவாட்டுக் கண்ணாடியில் வானவில் திட்டுகள் வந்தால் பயப்படாதீர்கள், பதப்படுத்திய கண்ணாடி அப்படித்தான் காட்டும்.

குரோமுக்கு மருந்து சட்டையில்தான் இருக்கிறது. கறுப்பு, இல்லையென்றால் சாம்பல். நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பின்னால் போய் ஜூம் பண்ணுங்கள். பம்பரில் உங்கள் உருவம் எறும்பளவாகிவிடும். மண்டபத்துக்குள் எடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும். எல்இடி விளக்கால் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

கேள்வி: பழைய 50 மிமீ லென்ஸ் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
வாசகி, செந்தூல்

பதில்: பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் பூஞ்சணம், விட்டுவிடுங்கள். சுத்தம் செய்தாலும் கண்ணாடிப் பூச்சில் தழும்பு நிற்கலாம். நன்றாக இருந்து வாங்கினால், 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்க ஒரு டிரை பாக்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.