நாத்தனாருக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை: வழக்குப் போடலாமா?

கேள்வி: எட்டு வருடங்களாக ஒரே இணையக் கடையில்தான் எல்லாம் வாங்குகிறேன். கட்டணம் கட்டி உறுப்பினராகவும் இருக்கிறேன். போன வாரம் வாஷிங் மெஷின் வாங்கினேன். மறுநாள் புதிதாகக் கணக்குத் தொடங்கிய என் நாத்தனாருக்கு அதே மாடல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த விலையில் கிடைத்தது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "விலை மாறிக்கிட்டேதான் இருக்கும் மேடம்" என்று போனை வைத்துவிட்டார்கள். இத்தனை வருடம் நம்பி வாங்கியதற்கு இதுதான் மரியாதையா? மோசடி என்று வழக்குப் போடலாமா? கார்டு கொடுத்த வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றும் நினைக்கிறேன்.

பதில்: எட்டு வருடம், நம்பிக்கை, போனை வைத்த விதம் எதற்கும் மனுவில் இடமில்லை. அதையெல்லாம் தள்ளி வையுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விலையைப் பற்றிக் கடை உங்களிடம் பொய் சொன்னதா, அல்லது சட்டப்படி சொல்லியே ஆக வேண்டியதை மறைத்ததா?

திரையில் ஒரு தொகை காட்டினார்கள், சம்மதித்துப் பணம் கட்டினீர்கள். அடுத்தவருக்குக் குறைத்துக் கொடுத்தார்கள் என்பதால் மட்டும் அது மோசடி ஆகிவிடாது.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், கணினி உங்களைக் கணித்து உங்களுக்கென்று விலை வைத்தால், வாங்கும் முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும். 2022 மே முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அப்படி விலை வைக்கவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, சொல்லிவிட்டு வை என்கிறது. நியூயார்க் மாநிலம் 2025இல் கொண்டுவந்த சட்டமும் இதே வழிதான். இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள் ஒரு படி மேலே போய், ஒரே வகை நுகர்வோருக்குள் பாகுபாடு கூடாது, மனம்போனபடி வகை பிரிக்கவும் கூடாது என்கின்றன. எதிர்த்தரப்பு அந்த 'ஒரே வகை'யைத்தான் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பழைய வாடிக்கையாளர், நாத்தனார் புதியவர், ஆகவே வகை வேறு என்பார்கள். மதம், இனம் பார்த்து விலை ஏற்றியிருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி இல்லை.

சரி, ஆதாரம் என்ன? இரண்டு ஸ்கிரீன்ஷாட். இருவருக்கும் விற்றவர் ஒருவர்தானா? ஒரே தளத்தில் ஒரே மாடலைப் பல விற்பனையாளர்கள் விற்பார்கள். கூப்பன், வங்கிச் சலுகை எதுவும் சேரவில்லையா? எல்லாவற்றுக்கும் மேலே, 'மறுநாள்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவோடு இரவாக எல்லோருக்குமே விலை குறைந்திருந்தால் பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2000இல் அமேசான் ஒரே டிவிடியை ஆளுக்கொரு விலையில் விற்றது வெளியே வந்தபோது, ஆள் பார்த்து வைக்கவில்லை, குலுக்கல் போலச் சோதித்துப் பார்த்தோம் என்றுதான் பதில் வந்தது. 6,896 பேருக்கு வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இனி, எனக்கு உண்மையில் கவலை தருகிற விஷயம்: வங்கிப் புகார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோபத்தில் படிவத்தைத் திறப்பார்கள். 'விலை அநியாயம்' என்று அதில் ஒரு கட்டம் இருக்காது. இருப்பதில் வாகாகத் தெரிகிற 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை' என்பதை டிக் அடித்துவிடுவார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அப்படித்தான் செய்தார். பொருளை வாசலில் வாங்கிக்கொண்டதற்கான ஓடிபி, நேரத்தோடு கடையின் பதிவில் இருந்தது. வங்கி புகாரைத் தள்ளுபடி செய்தது. கடை அவர் கணக்கை மூடியது. வாலட்டில் கிடந்த பணம், பழைய பில்கள் எல்லாம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டன. அதைவிட மோசம், நாங்கள் அனுப்பிய நோட்டீசுக்கு வந்த பதிலில் முதல் இணைப்பே அந்தப் படிவம்தான். ஏமாற்றப்பட்டவராகப் போனவர், பொய்ப் புகார் கொடுத்தவராக நின்றார். அதற்கப்புறம் சமரசம் பேசக்கூட எதிர்த்தரப்பு இறங்கி வரவில்லை.

விலையைச் சோதிக்கிறேன் என்று வேறு வேறு பெயரில் கணக்குத் தொடங்குவதும் இதே குழியில்தான் தள்ளும். சமூக ஊடகத்தில் எழுதுவதானால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'திருடர்கள்' என்ற சொல் அவதூறு நோட்டீசைக் கூப்பிட்டு வரும்.

வழக்கு வேண்டாம். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு இன்னும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சண்டை போட்டுக்கொண்டே அந்தத் தேதியைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். கெடு இருந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்திருந்தால் கடையின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதி வித்தியாசத் தொகையை மட்டும் கேளுங்கள். பாதி தருகிறோம் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கேட்டால் மட்டும் நிதானமாகப் படியுங்கள். 'முழுமையான இறுதித் தீர்வு' என்று இருந்தால், 'விலை வித்தியாசம் தொடர்பாக மட்டும்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு மோட்டார் பழுதாகி வாரண்டி கேட்டாலும் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார்கள்.