ஷேக்ஸ்பியரின் மருமகன் ஒரு மருத்துவராமே? மாமனாருக்கு அவர் வைத்தியம் பார்த்தாரா? அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று?

பார்த்திருப்பார். சொந்த மருமகன், அதே ஊர்க்காரர், அந்த வட்டாரத்திலேயே பெயர் வாங்கிய வைத்தியர். பார்க்கவில்லை என்றால்தான் ஆச்சரியம். ஆனால் அவர் எழுதிவைத்த நோட்டில் மாமனாரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நான் மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறேன். முன்பின் தெரியாத டாக்டர்கள் முன்பின் தெரியாத நோயாளிகளைப் பற்றி எழுதியதை நாள் முழுக்கப் படிப்பதுதான் பிழைப்பு. அந்தப் பழக்க தோஷம், அந்த மருமகன் ஜான் ஹாலின் கேஸ் குறிப்புகள் கண்ணில் பட்டதும் விட முடியவில்லை. ஷேக்ஸ்பியருக்காகத்தான் எடுத்தேன். படிக்கப் படிக்க மாமனாரை மறந்து மருமகன் பின்னால் போய்விட்டேன்.

ஹால் 1575 வாக்கில் பிறந்தவர். அப்பாவும் வைத்தியர், தன் மருத்துவ நூல்களை மகனுக்கு விட்டுப் போனவர். கேம்பிரிட்ஜில் எம்.ஏ. முடித்தார். மருத்துவப் பட்டம் வாங்கியதாகத் தகவல் இல்லை. அந்தக் காலத்தில் அது பெரிய குறையுமில்லை. 1607 ஜூன் 5 அன்று ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயத்தில் அவருடைய மூத்த மகள் சூசன்னாவைக் கட்டினார். அவளுக்கு 24 வயது, இவருக்கு 30 தாண்டியிருந்தது. மறு பிப்ரவரியில் எலிசபெத் பிறந்தாள். ஒரே பிள்ளை.

1613-இல் ஒரு அசிங்கம் நடந்தது. ஜான் லேன் என்ற உள்ளூர் ஆள், சூசன்னாவுக்கும் ரேஃப் ஸ்மித் என்பவனுக்கும் தொடர்பு என்றும், அவளுக்குப் பால்வினை நோய் என்றும் பேசித் திரிந்தான். வைத்தியர் பெண்டாட்டியைப் பற்றி இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் ஊர் சும்மா விடுமா? சூசன்னா வுஸ்டர் திருச்சபை நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டாள். லேன் விசாரணைக்கே வரவில்லை. சபையிலிருந்து அவனை விலக்கிவைத்தார்கள். விஷயம் அதோடு முடிந்தது. மருமகன் மேல் மாமனாருக்கு இருந்த நம்பிக்கையில் ஒரு குறையும் வரவில்லை. 1616-இல் ஷேக்ஸ்பியர் இறந்தபோது, உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஹாலுக்கும் சூசன்னாவுக்கும்தான். பிறகு 'நியூ பிளேஸ்' என்ற அவருடைய பெரிய வீட்டுக்கே குடிபோனார்கள்.

இனி நோட்டுக்கு வருகிறேன். லத்தீனில் எழுதியது, அச்சில் வந்தவை ஏறத்தாழ 180 கேஸ்கள். பிரபுக்கள், பிரபுக்களின் மனைவிமார், கைக்குழந்தைகள், வேலைக்காரர்கள் என எல்லோரும் வருகிறார்கள். ஹால் தீவிர பியூரிட்டன், அதாவது கறாரான புராட்டஸ்டன்ட், ஆனால் கத்தோலிக்கர்களும் அவரிடம்தான் வந்தார்கள். உடம்புக்கு முடியாதபோது மதம் பார்க்க யாருக்கு நேரம்? மைக்கேல் டிரேட்டன் என்ற கவிஞருக்கு முறைக்காய்ச்சல். வயலட் பூ சர்பத் கலந்த மருந்து கொடுத்திருக்கிறார். கூடவே 'அருமையான கவிஞர்' என்று ஒரு குறிப்பு. இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அடுத்த ஊரில் தங்கிப் போகும் கவிஞருக்குப் பாராட்டுப் பத்திரம், பெண் கொடுத்த மாமனார் ஆளையே காணோம். காரணம் பெரிதாக ஒன்றும் இருக்காது என்பது என் கணிப்பு. இது குணமானவர்களின் கணக்கு. மாமனார் பிழைக்கவில்லை. போதாததற்கு இவர் எழுதிய நோட்டுகள் எல்லாம் நம் கைக்கு வந்து சேரவும் இல்லை.

சொந்தக் குடும்பம் மட்டும் இருக்கிறது, ஒளிவுமறைவே இல்லாமல். சூசன்னாவுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. முதலில் செய்தது எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஸ்பெயின் நாட்டு ஒயினை ஒரு பைண்ட் (அரை லிட்டர் போல) சூடாக்கி எனிமாவாகக் கொடுத்தார். ஏகப்பட்ட காற்று வெளியேறி வலி விட்டது என்று எழுதியிருக்கிறார். 'ஸ்ட்ராட்ஃபோர்டு திருமதி ஹால், என் மனைவி' என்று மரியாதையாகத் தொடங்கி இங்கே வந்து முடிகிறது அந்தக் குறிப்பு. உலகமே கொண்டாடும் ஒருவரின் மகளைப் பற்றி இவ்வளவு கிட்டத்தில் இருந்து எழுதிய வேறு ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1624 தொடக்கத்தில் எலிசபெத்துக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. 16 வயதுப் பெண், கல்யாணத்துக்கு நிற்பவள். அப்பா பேதி மருந்து கொடுத்தார், களிம்பு தடவினார், சரியாயிற்று. ஏப்ரலில் லண்டன் போய்த் திரும்பும் வழியில் குளிர் தாக்கி, இந்த முறை மறுபக்கம் கோணியது. மறுபடி வைத்தியம். ஜாதிக்காயை அடிக்கடி தின்னச் சொன்னதும் குறிப்பில் உண்டு. அதுவும் தேறி மே மாதம் வந்தால் விட்டுவிட்டு அடிக்கும் காய்ச்சல். அரை மணி நேரத்துக்குள் உடம்பு கொதிக்கும், வியர்க்கும், சில்லிட்டுப் போகும். அந்த அரை மணிக் கணக்கை எழுத வேண்டுமென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் படிக்கும் ரிப்போர்ட்டுகளில் இப்படி ஒரு வரி அபூர்வம். முதுகுத்தண்டில் மருந்து தேய்த்தார்கள். சாவிலிருந்து மீண்டாள், அதன்பின் பல வருஷம் நலமாக இருந்தாள் என்று முடித்திருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து தாமஸ் நாஷ் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்.

இவரைப் பெரிய மேதை என்று தூக்கிவைக்கவும் முடியாது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு வாட்டர்கிரெஸ் உட்பட மூன்று வகைப் பச்சிலைகளை பீரில் ஊறவைத்துக் குடிக்கக் கொடுத்தார். அதில் வைட்டமின் சி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் 1747-இல் கப்பலில் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு 100 வருஷத்துக்கும் முந்திய சமாசாரம் இது. அதே மனுஷன் 1632-இல் தனக்கே கடும் காய்ச்சல் வந்தபோது, உயிருள்ள புறாவை அறுத்து உள்ளங்காலில் வைத்துக் கட்டிக்கொண்டார், தலைக்கு ஏறிய கெட்ட வாயு கீழே இறங்கட்டும் என்று. அதற்கு முன்னால் மூலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தபோதும் தினமும் நோயாளி பார்க்கப் போக வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். போக்குவரத்தெல்லாம் குதிரையில் என்பதை நினைத்துப் பாருங்கள். மன்னர் தரும் நைட் பட்டம் ('சர்' பட்டம்) தேடி வந்தபோதுகூட வேண்டாம் என்று 10 பவுண்டு அபராதம் கட்டியவர் இவர்.

1635 நவம்பரில் இறந்தார். சாகும்போது வாய்மொழியாகச் சொன்ன உயிலில், புத்தகங்கள் மருமகன் நாஷுக்கு. கையெழுத்துப் பிரதிகளை எரித்தாலும் சரி, என்ன செய்தாலும் சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். நாஷ் எரிக்கவில்லை. அதனால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குடும்பம் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். நாஷ் 1647-இல் இறந்தார். எலிசபெத் 1649-இல் ஜான் பெர்னார்டை மணந்தாள், அதுவும் அப்பா அம்மாவின் கல்யாண நாளான ஜூன் 5 அன்று. இரண்டு கல்யாணத்திலும் பிள்ளை இல்லை. சித்தி ஜூடித்தின் மூன்று பையன்களும் முன்னமே போய்விட்டார்கள். 1670-இல் எலிசபெத் இறந்ததோடு ஷேக்ஸ்பியரின் நேர் வம்சம் முடிந்தது.

நோட்டு வெளியே வந்த கதைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1640-களில், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஜேம்ஸ் குக் என்ற படை சர்ஜன் நியூ பிளேசுக்கு வந்தார். சூசன்னா புத்தகங்களைக் காட்டினாள். வேறொரு வைத்தியர் காசுக்கு அடகு வைத்தவையும் இருக்கின்றன என்று சொல்லி எடுத்துவந்தாள். ஹாலின் கையெழுத்து குக்குக்குப் பழக்கம். இது உங்கள் கணவர் எழுதியது அம்மா என்றார். அவள் இல்லை என்றாள். இவர் ஆமாம் என்றார். அவளுக்குக் கோபம் வரும்போல் தெரிந்ததும், பேச்சை நிறுத்தி, காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் பெயர்த்து 1657-இல் அச்சிட்டார்.

அவளுக்குப் படிக்கவே தெரியாது என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அவள் போட்ட கையெழுத்து ஆவணங்களில் இருக்கிறது. லத்தீன் தெரியாமல் இருந்திருக்கலாம், புருஷனின் கிறுக்கல் பிடிபடாமல் இருந்திருக்கலாம். கொஞ்சம் லத்தீன் புரிந்து, தன் வயிற்றுவலியும் அந்த எனிமாவும் உள்ளே இருப்பதைப் பார்த்து, இது அவர் எழுதியதே இல்லை என்று சாதித்தாளோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம். ஆதாரம் கேட்காதீர்கள்.